டெல்டா பஸ் ஸ்டாப்களை இணைய வரைபட ஏபிஐ வழியாக எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து பஸ் ஸ்டாப் தகவலை வைத்து ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஒருவர் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டார். இன்னொருவர் தன் ஊர் நூலகச் சுவரில் மாட்ட ஒரு வரைபடம் வேண்டும் என்றார். ஏபிஐ என்றால் நம் நிரல் இன்னொரு சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி. கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது பைத்தான் தெரிந்தால் போதும். டேக் (ஒரு இடம் என்ன வகை என்று சொல்லும் சாவியும் மதிப்பும்), கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இரண்டு சொல் சேர்ந்து வந்தால் நடுவே அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

ஸ்டாப் தகவலை எந்த ஏபிஐயில் கேட்பது?

இந்தப் பக்கம் முழுக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத்தான் பேசுகிறேன். 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. அதற்கென்று ஒரு சொந்த ஏபிஐ இருக்கிறது, ஆனால் அது வரைபடத்தைத் திருத்துவதற்கானது. ஒரே முறையில் 0.25 சதுர டிகிரிக்கு மேலோ 50,000 புள்ளிக்கு மேலோ அதில் கேட்க முடியாது. படிப்பதற்கு மட்டும் என்று தனியாக இருப்பது ஓவர்பாஸ் ஏபிஐ. 'இந்தக் கட்டத்துக்குள் இருக்கிற பஸ் ஸ்டாப் எல்லாம் கொடு' என்று கேட்டால் அதை மட்டும் பொறுக்கி எடுத்துத் தரும். நமக்கு வேண்டியது அதுதான்.

கீ (ஏபிஐயைப் பயன்படுத்தத் தரும் அனுமதிக் குறியீடு) வாங்க வேண்டுமா? காசு கட்ட வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். பதிலுக்கு, உங்கள் வரைபடத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று கண்ணில் படுகிற இடத்தில் போட வேண்டும். 2012 முதல் இந்தத் தரவு ஓடிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. தரவைத் திருத்திச் சேர்த்து வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் திறந்து வைக்க வேண்டும்.

முதல் குவெரியை (ஓவர்பாஸிடம் கேட்கும் கேள்வியை) எப்படி எழுதுவது?

எடுத்த எடுப்பிலேயே நிரல் (கோடு) எழுத வேண்டாம். முதலில் ஓவர்பாஸ் டர்போ என்ற இணையப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடது பக்கம் குவெரி, வலது பக்கம் வரைபடம். தப்பு நடந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

கும்பகோணம் நகரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் விடை ஜேசனாக (நிரல் எளிதில் படிக்கும் உரை வடிவமாக) வேண்டும் என்றும், எத்தனை நொடி காத்திருக்கலாம் என்றும் சொல்கிறோம். நகரத்துக்கு 25 நொடி தாராளம். அடுத்த வரியில் 'நோட்' (வரைபடத்தில் ஒரு புள்ளி) என்று எழுதி, சதுர அடைப்புக்குள் ஹைவே என்ற சாவிக்கு பஸ் ஸ்டாப் என்ற மதிப்பைக் கொடுத்து, அதன் பின் வட்ட அடைப்புக்குள் கட்டத்தின் நான்கு எண்களைத் தருகிறோம்: 10.93, 79.34, 10.99, 79.42. கடைசி வரி 'அவுட்'. ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி. அவ்வளவுதான்.

நான்கு எண்களின் வரிசை தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு. இதை மாற்றிப் போட்டவர்கள் பாதிப்பேர். வேறு சில ஏபிஐகளில் மேற்கு முதலில் வரும், அதனால்தான் குழப்பம்.

டர்போவில் 'பிபாக்ஸ்' என்று இரட்டை நெளிவு அடைப்புக்குள் எழுதினால் திரையில் தெரிகிற பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். அது டர்போவின் வசதி மட்டுமே. அதை அப்படியே வெட்டி உங்கள் கோடில் ஒட்டினால் ஏபிஐ திருப்பி அனுப்பிவிடும். கோடில் எண்களாகத்தான் தர வேண்டும்.

ஒரே ஸ்டாப் இரண்டு மூன்று முறை வருகிறதே?

பழைய முறையில் பஸ் ஸ்டாப் என்றால் ஹைவே சாவியில் ஒரே ஒரு டேக். 2011-இல் ஏற்கப்பட்ட புதிய முறையில் பப்ளிக் ட்ரான்ஸ்போர்ட் என்ற தனிச் சாவி வந்தது. அதில் பயணி நிற்கிற இடம் 'பிளாட்ஃபார்ம்', சாலை மேல் வண்டி நிற்கிற புள்ளி 'ஸ்டாப் பொசிஷன்'. பழையது ஒழியவில்லை. இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. நீங்கள் எல்லா டேக்கையும் கேட்டால் ஒரே இடம் பல உருவில் வரத்தான் செய்யும்.

எனக்குச் சரிப்பட்ட வழி: ஹைவே டேக்கையும் பிளாட்ஃபார்மையும் கேட்பேன், ஸ்டாப் பொசிஷனை விட்டுவிடுவேன். ஒரே ஐடி இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குவேன். ஆனால் சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் இரண்டு புள்ளி இருந்தால் அதைத் தொட மாட்டேன். அது தவறு இல்லை, போக ஒன்று, வர ஒன்று. திரையில் நெருக்கமாகத் தெரிகிறது என்று ஒன்றாக்கிவிட்டால், மன்னார்குடி போக வேண்டியவர் கும்பகோணம் பஸ் நிற்கும் பக்கத்தில் போய் நிற்பார்.

எங்கள் ஊருக்குக் கேட்டால் காலியாக வருகிறது. ஸ்டாப் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. என்னிடம் வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலிப் பதில் மூன்று காரணத்தால் வரலாம். ஒன்று, குவெரியில் எழுத்துப் பிழை. ஹைவே என்பதில் ஒரு எழுத்து விட்டாலும் ஓவர்பாஸ் பிழை என்று சொல்லாது, 'அப்படி எதுவும் இல்லை' என்று காலிப் பட்டியலைத் தந்துவிடும். இரண்டு, நேரம் தீர்ந்துவிட்டது. இது கொஞ்சம் ஏமாற்றும். சர்வர் 200 (எல்லாம் சரி) என்றே பதில் சொல்லும், ஜேசனும் ஒழுங்காக இருக்கும், ஆனால் அதற்குள் 'ரிமார்க்' என்று ஒரு புலத்தில் நேரம் முடிந்ததாக எழுதியிருக்கும். அந்தப் புலம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உங்கள் கோடு பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பாதிப் பதிலை முழுப் பதில் என்று நம்பிவிடுவீர்கள்.

மூன்றாவது காரணம்தான் டெல்டாவில் அதிகம்: அங்கே போய் நின்று யாரும் இன்னும் பதிவு செய்யவில்லை. நம் பக்கத்தில் பல ஸ்டாப்களுக்குக் கம்பமும் கிடையாது, போர்டும் கிடையாது, நிழற்குடையும் கிடையாது. அரசமரத்தடி ஒரு ஸ்டாப். மதகு ஒரு ஸ்டாப். ரேஷன் கடை, ரைஸ் மில், கைகாட்டி எல்லாமே ஸ்டாப். கண்டக்டருக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

வலங்கைமான் பக்கம் ஒரு கைகாட்டியில் ஸ்டாப் பதியப் போனேன். மூன்று சாலை கூடும் இடத்தில் நடுவாக ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கிளம்ப இருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் என் போனை எட்டிப் பார்த்து, "கும்பகோணம் வண்டி மதகுக்கு அந்தாண்ட நிக்கும் தம்பி. மன்னார்குடி வண்டிதான் இங்க" என்றார். நடந்து போய்ப் பார்த்தேன். மதகுச் சுவருக்கு அப்பால் புல் மிதிபட்டு மண் தெரிந்தது, இரண்டு பெண்கள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே அறுபது மீட்டர் இருக்கும். நான் வைத்த புள்ளியில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை.

அதனால் உங்கள் செயலியில் 'இங்கே பஸ் ஸ்டாப் இல்லை' என்று எழுதாதீர்கள். 'இங்கே இன்னும் ஸ்டாப் பதிவாகவில்லை' என்று எழுதுங்கள். பார்க்கிற ஊர்க்காரர் ஒருவர் அதைச் சேர்க்க முன்வரலாம்.

எல்லாப் புள்ளியும் பனிக்கடலில் போய் விழுகிறது, ஏன்?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. ஓவர்பாஸ் ஜேசனில் 'லாட்', 'லான்' என்று பெயரோடு வரும், சிக்கல் இல்லை. ஜியோஜேசனில் (வரைபடத் தரவுக்கான ஜேசன் வடிவம்) தீர்க்கரேகை முதலில். இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கும். கும்பகோணம் சுமார் 10.96 வடக்கு, 79.38 கிழக்கு. இதைத் திருப்பிப் போட்டால் 79.38 வடக்கு, 10.96 கிழக்கு. அது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம். டெல்டா முழுக்கவே அட்சரேகை 10, 11 என்றும் தீர்க்கரேகை 78, 79 என்றும்தான் தொடங்கும். எண்களைப் பார்த்ததுமே பிடித்துவிடலாம்.

தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் வைப்பது என்றும் கேட்கிறார்கள். நான்கு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர், ஐந்து என்றால் 1 மீட்டர். சாலையின் எந்தப் பக்கம் என்று தெரிய ஐந்து வேண்டும்.

கட்டத்துக்குப் பதில் மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். எல்லையைக் குறிக்கும் ரிலேஷனின் (பல கோடுகளைச் சேர்த்த தொகுப்பின்) ஐடியோடு 360 கோடியைக் கூட்டினால் ஓவர்பாஸின் ஏரியா ஐடி கிடைக்கும். பெயரை வைத்துத் தேடுவதைவிட இது நம்பகமானது.

ஆனால் நம் பகுதியில் மாவட்ட எல்லையை நம்பினால் ஒரு ஓட்டை விழும்: காரைக்கால். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடி போகிற பஸ் நாகூர் தாண்டி காரைக்கால் வழியாகத்தான் போகும். தமிழ்நாட்டு எல்லையை மட்டும் கொடுத்தால் அந்தப் பாதையின் நடுப்பகுதியே காணாமல் போய்விடும். திருநள்ளாறு போகிற பக்தருக்கு உங்கள் வரைபடம் உதவாது. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்ததும் நினைவில் இருக்கட்டும். பழைய மாவட்டப் பட்டியலை வைத்து எழுதிய நிரல் இன்று பாதி ஊர்களை விட்டுவிடும்.

பஸ் எல்லை பார்த்து ஓடுவதில்லை. முழு டெல்டாவுக்கு நான் கட்டமே போடுகிறேன்: தெற்கு 10.2, மேற்கு 78.8, வடக்கு 11.45, கிழக்கு 79.9. கல்லணை முதல் கோடியக்கரை வரை அடங்கிவிடும். கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிற சில ஊர்களும் கூட வரும், வரட்டும்.

'பக்கத்தில் இருக்கிற ஸ்டாப்' காட்ட எத்தனை மீட்டர் வைப்பது?

ஓவர்பாஸில் 'அரவுண்ட்' என்று மீட்டரும் இடமும் கொடுத்துக் கேட்கலாம். 500 என்று தொடங்குங்கள். ஆனால் அது காக்கை பறக்கிற தூரம். நமக்கு ஆறு குறுக்கே இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையை நினைத்துப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆற்றைப் பாலத்தில் தாண்டுகிறோம். அந்த ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில் ஒருவர் நின்று 'பக்கத்து ஸ்டாப்' என்று அழுத்தினால், அக்கரையில் 200 மீட்டரில் இருக்கிற ஸ்டாப் முதலில் வரும். பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கோடையில் மணலில் இறங்கி நடப்பார்கள், தண்ணீர் திறந்துவிட்டால் முடியாது.

இதற்கு இரண்டு வழி. 'அரவுண்ட்' விடையை முதல் சல்லடையாக வைத்து, கிடைத்த பத்துப் பதினைந்து ஸ்டாப்புக்கு மட்டும் ஓஎஸ்ஆர்எம் மாதிரி வழி கண்டுபிடிக்கும் ஏபிஐயில் நடைதூரம் கேட்டு வரிசைப்படுத்தலாம். அது கனமாகத் தோன்றினால், அதே கட்டத்தின் ஆற்றுக் கோடுகளையும் ஓவர்பாஸிலேயே எடுத்து, பயணிக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே கோடு போட்டால் ஆற்றை வெட்டுகிறதா என்று பாருங்கள். வெட்டினால் 'அக்கரை' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெயரைத் தட்டினால் ஸ்டாப் கிடைக்கவில்லை. இருக்கிறது என்று எனக்கே தெரியும்!

முதலில் எந்தப் புலத்தில் தேடுகிறீர்கள் என்று பாருங்கள். 'நேம்' என்ற பொதுப் புலத்தில் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். தமிழுக்கென்று 'நேம்', முக்காற்புள்ளி, 'டிஏ' என்று தனிப் புலம் உண்டு. முதலில் அதைப் பாருங்கள், இல்லையென்றால் பொதுப் புலம்.

அடுத்தது எழுத்து. 'கோ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறி ஒரே எழுத்தாக வருவது ஒரு விதம். ஏகாரத்தின் இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. கும்பகோணத்திலேயே ஒரு 'கோ' இருக்கிறது, கொரடாச்சேரியில் ஒரு 'கொ' இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (குறியை ஒரே எழுத்தாகச் சேர்த்து வைக்கும் முறைக்கு) மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் 'நார்மலைஸ்' செயல்பாடு இதற்கென்றே இருக்கிறது. ஒரு வரி வேலை. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

மூன்றாவது, மனிதர்கள் வழங்குகிற பெயர். மயிலாடுதுறை என்று பதிவாகியிருக்கும். பஸ்ஸில் ஏறுகிறவர் 'மாயவரம் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்பார். கும்பகோணத்துக்குக் குடந்தை. 'ஆல்ட் நேம்', 'ஓல்ட் நேம்' புலங்களையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் நீங்களே சேருங்கள்.

ஆங்கிலப் பெயரைத் தானியங்கியாகத் தமிழாக்கி ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் கலந்துவிடும். மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலம், தென்காசிப் பக்கத்துக் குற்றாலமாக மாறிவிடும். பாபநாசம் என்ற பெயரிலும் இரண்டு ஊர் உண்டு, ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்தில், மற்றது திருநெல்வேலி மாவட்டத்தில். பெயரோடு இடத்தையும் பாருங்கள்.

பஸ் ஸ்டாண்ட் ஏன் வரவில்லை?

அது வேறு டேக். அமெனிட்டி சாவியில் பஸ் ஸ்டேஷன் என்று கேட்க வேண்டும். பெரிய பஸ் ஸ்டாண்டுகளைப் புள்ளியாக இல்லாமல் பரப்பாக வரைந்திருப்பார்கள், அதனால் 'நோட்' என்று மட்டும் கேட்டால் வராது. 'என்டபிள்யூஆர்' (புள்ளி, கோடு, தொகுப்பு மூன்றும்) என்று கேட்டு, கடைசியில் 'அவுட் சென்டர்' போடுங்கள் (இங்கே நடுவில் அடிக்கோடு இல்லை, இடைவெளிதான்), நடுப்புள்ளி கிடைக்கும். தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்ட், புதிய பஸ் ஸ்டாண்ட் என்று இரண்டும் இயங்குகின்றன. 'தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட்' என்று ஒற்றை ஐகானைப் போட்டுவிடாதீர்கள். வெளியூர்க்காரர் இரவில் ஊருக்கு வெளியே இறங்கி நிற்பார்.

எத்தனை மணிக்கு பஸ் என்பதும் இதில் கிடைக்குமா?

கிடைக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஸ்டாப் எங்கே என்பதும், யாராவது வரைந்திருந்தால் எந்தப் பாதை என்பதும் இருக்கும். நேர அட்டவணைக்கான பொது வடிவம் ஜிடிஎஃப்எஸ். 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து உருவாக்கியது. உள்ளே இருப்பதெல்லாம் காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக் கோப்புகள். ஸ்டாப் பட்டியல் ஒரு கோப்பு, நேரங்கள் இன்னொரு கோப்பு.

உங்கள் ஊர் ஸ்டாண்டில் எழுதி வைத்திருக்கிற நேரப் பலகையைப் பார்த்து நீங்களே ஒரு சிறிய ஜிடிஎஃப்எஸ் கட்டலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நேரம் 24 மணியைத் தாண்டலாம். சென்னையில் இரவு 10 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 4.30-க்குக் கும்பகோணம் வருகிற பஸ்ஸுக்கு வருகை நேரம் 28:30:00 என்று எழுத வேண்டும். 04:30:00 என்று எழுதினால் கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாகிவிடும்.

கூகுள் மேப்பில் ஸ்டாப் இருக்கிறது. பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமா?

கூடாது. உரிமம் இடம் தரவில்லை. கூகுளின் பிளேசஸ் ஏபிஐயில் பஸ் ஸ்டாப் என்ற வகை இருக்கிறது, கீ வாங்கி உங்கள் செயலியில் காட்டலாம். ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது, இடத்தின் ஐடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நேரில் போய்ப் பார்த்தது உங்களுடையது, அதைத் தயங்காமல் சேருங்கள்.

சர்வர் 429 என்கிறது.

அடிக்கடி கேட்கிறீர்கள். பொது ஓவர்பாஸ் சர்வர் எல்லோருக்குமானது. ஒரு நாளைக்கு 10,000 கேள்விக்கும் 1 ஜிபிக்கும் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்பது அவர்கள் சொல்கிற அளவு. ஆனால் ஒரே நேரத்தில் பத்துக் கேள்வி அனுப்பினால் அதற்கு முன்பே தடுக்கும். 504 வந்தால் சர்வருக்கு வேலை அதிகம், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேளுங்கள்.

பயனர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஓவர்பாஸுக்குப் போகாதீர்கள். வாரம் ஒருமுறை எடுத்து ஜியோஜேசன் கோப்பாக உங்கள் சர்வரில் வையுங்கள். அரசமரத்தடி ஸ்டாப் ஒரு வாரத்தில் நகர்ந்துவிடாது. கிராமத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது அந்தச் சிறிய கோப்புதான் கைகொடுக்கும்.

விடுபட்ட ஸ்டாப்பை எப்படிச் சேர்ப்பது?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் வெஸ்பூச்சி அல்லது எவ்ரி டோர் செயலி போதும். பஸ் வந்து நிற்கும்வரை காத்திருந்து, முன்படிக்கட்டு வருகிற இடத்தில் பாதையோரம் புள்ளி வையுங்கள். போனின் ஜிபிஎஸ் தோப்புக்குள் பத்து மீட்டர் தள்ளிக் காட்டலாம். சாலையின் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். பெயரைப் பலகையிலிருந்து எடுங்கள். பலகை இல்லையென்றால் அங்கே நிற்பவரிடம் 'கண்டக்டர்கிட்ட என்னன்னு சொல்லி டிக்கெட் எடுப்பீங்க?' என்று கேளுங்கள். அதுதான் அந்த ஸ்டாப்பின் பெயர். நிழற்குடை, பெஞ்ச் இருக்கிறதா என்பதையும் போடுங்கள். கைக்குழந்தையோடு மதிய வெயிலில் நிற்கப் போகிறவருக்கு அது முக்கியம்.

திருவிழாவுக்குப் போடுகிற தற்காலிக பஸ் ஸ்டாண்டையும் சேர்க்கலாமா?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வேண்டாம். சில நாளில் பிரித்துவிடுவார்கள், புள்ளி மட்டும் வருடக்கணக்கில் கிடக்கும். 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்துக்கு வெளியே தற்காலிக நிலையங்கள் இருந்தன. அடுத்தது 2028-இல். அதற்கு உங்கள் சர்வரிலேயே தனி ஜியோஜேசன் கோப்பு ஒன்று வைத்து, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதி, லீஃப்லெட்டில் மேலடுக்காகப் போடுங்கள். தேதி முடிந்ததும் கோடே அதை மறைத்துவிடும்.